குட்டிக்கரணத்தின் கணக்கு
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் குட்டிக்கரணம். கடவுள், புராணம், ஜாதி, சடங்கு ஆகியவைகளைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்த தோழர்கள், "இதென்ன, சர்க்கஸ் கூடாரத்திற்குப் போகவேண்டியவன் வழி தவறி வாசகசாலைக்கு வந்துவிட்டானா?" என்று நினைக்கக்கூடும். நான் வழி தவறவில்லை. மனிதன் அந்தரத்தில் புரளுவதும், உயரத் தாண்டுவதும், கம்பியைப் பிடித்துச் சுற்றுவதும் எப்படி நடக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் கண்டிருக்கும் சங்கதிகள், நாம் தினம் பேசுகிற காரியத்திற்கு மிகவும் நெருங்கியவை.

விளையாட்டில் ஒருவன் ஜெயித்துவிட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "கடவுள் கொடுத்த வரம்" என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்களாயிருந்தால், "அது அவன் ரத்தத்தில் ஊறியது, பிறவிக் குணம்" என்கிறார்கள். தோற்றுவிட்டால் வேளை சரியில்லை. விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டால் தலைவிதி. ஆகமொத்தம், பத்து வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடினவனுடைய காலும், ஆயிரம் தடவை விழுந்து எழுந்தவனுடைய இடுப்பும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கும்பிடு சாமிக்கு, தேங்காய் மூடி பூசாரிக்கு, வீங்கின முழங்கால் மட்டும் விளையாடினவனுக்கு!

இந்தப் பதில்கள் பொய் என்பது ஒருபுறமிருக்க, இவை பதில்களே அல்ல என்று நான் சொல்லுகிறேன். ஏன்? "வரம்" என்று சொன்ன பிறகு அடுத்த தடவை அவன் என்ன செய்யவேண்டும் என்று எவராலாவது சொல்ல முடியுமா? பதில் என்றால் "இந்த நேரத்தில் கையை இவ்வளவு இறக்கினால் இவ்வளவு திரும்புவாய், இறக்காவிட்டால் திரும்பமாட்டாய்" என்று சொல்லவேண்டும். சொன்னபடி நடக்கிறதா இல்லையா என்று நாம் சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கவேண்டும். அப்படிச் சொல்லுகிற ஒரு சாஸ்திரம் மேல்நாடுகளில் ஏற்பட்டு வளர்ந்திருக்கிறது. மனித சரீரத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு நிறையும் நீளமும் போட்டு, கணக்கு யந்திரமாகிய கம்ப்யூட்டருக்குள் ஓடவும் தாண்டவும் விடுகிறார்கள். நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. படித்துத் தெரிந்துகொண்ட மட்டில், எனக்கு விளங்கிய விதமாகவே சொல்லுகிறேன்.

முதலில் பூனையை எடுத்துக்கொள்ளுவோம். பூனையை நாலு காலும் மேலே இருக்கும்படி மல்லாக்கப் பிடித்து விட்டால், அது கீழே வரும்போது காலை ஊன்றியே விழுகிறது. எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் அந்தரத்தில் அதற்குப் பிடிப்பு ஏது? சுழலாமல் விழுகிற ஒரு பொருள், எதையும் தொடாமல், நடுவழியில் தானாகச் சுழற்சியை உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது நியூட்டன் கணக்கு. ஆகையால் ஐரோப்பியப் பண்டிதர்கள், பூனை விடுகிறவன் கையை உதைத்துக்கொண்டுதான் கிளம்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1894ல் எதியேன் ழூல் மாரே என்பவர், பூனை விழுவதை அடுத்தடுத்துப் படங்களாகப் பிடித்துப் பாரிஸ் விஞ்ஞான அகாடமியின் முன் வைத்தார். பூனை ஒருவர் கையையும் உதைக்கவில்லை. சுழலாமலே விழ ஆரம்பிக்கிறது. பிறகு முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு, முன்பாதியைத் திருப்புகிறது. மடக்கின பாதி அதிகம் திரும்புகிறது. நீட்டின பாதி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சந்தான் திரும்புகிறது. அடுத்தாற்போல் முன்னதை நீட்டி, பின்னதை மடக்கி, மீதியைத் திருப்பிக்கொள்ளுகிறது.

தோழர்களே! இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். படம் பண்டிதர்களுக்கு விரோதமாய் வந்தது. அதற்காக அவர்கள் மாரேயை ஊர் விலக்குச் செய்யவில்லை. பூனைக்குத் தெய்வாம்சம் கற்பிக்கவுமில்லை. எங்கே தப்பு என்று தேடினார்கள். நியூட்டன் கணக்கில் தப்பில்லை. பூனையை ஒரே கட்டையாக நினைத்துக் கணக்குப் போட்டதுதான் தப்பு. பூனை பல துண்டுகள் சேர்ந்தது. ஒன்றை ஒன்று திருப்பக்கூடியது. 1969ல் அமெரிக்காவில் கேன், ஷெர் என்ற இருவர், பூனையை இடுப்பில் இணைந்த இரண்டு உருளைகளாக மாத்திரம் வைத்துக் கணக்கிட்டு, வந்த உருவங்களைப் பூனையின் படங்களின்மேல் வரைந்து காட்டினார்கள். பொருந்தி வந்தது.

மனிதனுக்கு இரண்டு துண்டு போதாது. பாதம், கணைக்கால், தொடை, நடு உடல், மேல்கை, முன்கை, தலை என்று பிரிக்கவேண்டும். பிரிப்பது சுலபம். ஒரு தொடையின் எடை என்ன, அதன் நடுப்பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை உயிரோடிருப்பவனிடம் எப்படித் தெரிந்துகொள்ளுவது? ஜெர்மனியில் லீப்சிக் நகரத்தில் பிரௌனே, பிஷர் என்ற இருவர் பிணங்களை உறையவைத்து, அறுத்து, நிறுத்து, 1889ல் கணக்கை வெளியிட்டார்கள். 1955ல் அமெரிக்காவில் டெம்ப்ஸ்டர் என்பவர் 8 பிணங்களிலிருந்து அளவுகளை எடுத்தார். நம் ஊரில் பிணத்தைத் தொட்டால் தீட்டு. தொடுகிறவனுக்கு ஒரு ஜாதி, அவனை ஊருக்கு வெளியில் வைப்பதற்கு ஒரு சாஸ்திரம். அங்கே பிணத்தைத் தொட்டவர்களிடமிருந்து உயிரோடிருப்பவனுடைய ஓட்டத்திற்குக் கணக்குக் கிடைத்தது.

ஆனால் டெம்ப்ஸ்டர் எடுத்த எட்டும் வயது சென்ற ஆண்களுடைய பிணங்கள். அதில் வாலிபன் ஒருவனும் இல்லை, பெண் ஒருத்தியும் இல்லை. அவர் கணக்கில் ஒரு தொடை, உடம்பு எடையில் 100க்கு 10 பங்கு. பிறகு ருஷ்யாவில் ஸாட்ஸியோர்ஸ்கி, செலுயானோவ் என்பவர்கள் உயிருள்ள 100 வாலிபர்களைக் காமா கதிர் கொண்டு அளந்தார்கள். அந்த அளவுகளை 1996ல் டி லேவா என்பவர் திருத்தி அமைத்தபோது தொடை 100க்கு 14 பங்காயிற்று. தொடை எங்கே முடிகிறது என்று கோடு கிழித்த இடம் வேறாயிருந்தது இந்த வித்தியாசத்திற்கு ஒரு காரணம். அளந்த உடல்கள் வேறாயிருந்தது இன்னொரு காரணம். டெம்ப்ஸ்டர் கணக்கை அபௌருஷேயம் என்று எவரும் சொல்லவில்லை. மனிதன் எழுதினான், மனிதன் திருத்தினான், அவ்வளவுதான்.

இன்னும் சிலர், ஊரார் உடம்பின் சராசரி எதற்கு, ஆட வந்தவனையே அளந்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் லஃபரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யீடன் என்பவர் 1990ல் வெளியிட்ட முறைப்படி, ஒரு ஆளிடம் 95 அளவுகள் எடுக்கவேண்டும். தையற்காரன் அளப்பதுபோலச் சுற்றளவு, நீளம், அகலம் எல்லாம் எடுத்து, உடம்பை 40 கன உருவங்களாக அமைத்துக்கொள்ளுகிறார். நான் அந்த 95 அளவுகள் என்ன என்ன என்று தேடிப் பார்த்தேன். முழங்கால் இருக்கிறது, கணுக்கால் இருக்கிறது, கைவிரல் முட்டிகூட இருக்கிறது. ஜாதி என்று ஒரு அளவு இல்லை. கோத்திரம் இல்லை. ஜென்ம நட்சத்திரம் இல்லை. இவை இல்லாமலே கணக்கு நடக்கிறது.

எப்படி நடக்கிறது? ஒரு மளிகைக்கடைக்காரர் நாள்வழிக் கணக்கு எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆரம்ப இருப்பு, பகலில் வரவு செலவு, இரவில் மிச்ச இருப்பு; அதுவே மறுநாளைக்கு ஆரம்ப இருப்பு. இங்கே ஒரு நாள் என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டும் இப்போது எங்கே, எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்பது ஆரம்ப இருப்பு. பூமி இழுப்பது, மூட்டில் தசை திருப்புவது, பக்கத்துத் துண்டு தள்ளுவது ஆகியவை வரவு செலவு. கூட்டிக் கழித்தால் அடுத்த ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு எங்கே இருக்கும் என்று வருகிறது. ஒரு துண்டு அசைந்தால் மற்ற எல்லாத் துண்டும் அதனால் பாதிக்கப்படுகிறபடியால், இந்தக் கணக்கை மனிதன் கையால் போட்டால் ஒரு குட்டிக்கரணத்திற்கு ஆயுசு போதாது. யந்திரம் கண் இமைப்பதற்குள் போட்டுவிடுகிறது.

இனி, குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே பம்பரம்போல் பக்கவாட்டில் சுற்றுகிற வித்தைக்கு வருவோம். தரையில் காலிருக்கும்போதே உடம்பைத் திருகிக்கொண்டு கிளம்புவது ஒரு வழி. ஆனால் தரையை விட்டபிறகு, பம்பரச் சுற்று கொஞ்சமும் இல்லாமல் நேராகப் புரண்டுகொண்டிருப்பவனும் நடு அந்தரத்தில் அதை ஆரம்பித்துவிட முடியும். எப்படி? இரண்டு கையும் தலைக்குமேல் இருக்கிறது. ஒரு கையை மட்டும் பக்கவாட்டாகக் கீழே வீசுகிறான். கை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தாகவேண்டும். சாய்ந்த உடம்பு தொடர்ந்து புரளும்போது, அந்தப் புரளலில் ஒரு பங்கு பம்பரச் சுற்றாக மாறியாகவேண்டும். மொத்தச் சுழற்சி கூடவும் முடியாது, குறையவும் முடியாது. நிறுத்தவேண்டுமானால் கையைத் திரும்ப வைத்துச் சாய்வை எடுத்துவிட்டால் போதும். பார்க்கிறவனுக்கு மாயம், செய்கிறவனுக்கு ஒரு கை வீச்சு.

யீடன் 11 துண்டு மனிதனை வைத்து இப்படிக் கணக்கிட்டார். கணக்கிட்டதோடு விட்டுவிடவில்லை. மனிதர்கள் உண்மையில் செய்த 9 கரணங்களின் பிலிமை எடுத்து, யந்திரம் சொன்னதையும் பிலிமில் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதிகபட்ச வித்தியாசம் புரளலில் 0.04 சுற்று, சாய்வில் 7 டிகிரி, பம்பரச் சுற்றில் 0.12 சுற்று என்று அவரே எழுதி அச்சிட்டார். இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். ஜாதகம் எழுதுகிற எந்த ஜோசியராவது, போன வருஷம் சொன்னதில் இவ்வளவு தப்பிப்போயிற்று என்று கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதியிருக்கிறாரா? எழுதினால் தட்சணை வருமா?

பொருந்தி வந்தபிறகுதான் யந்திரத்தின் உண்மையான உபயோகம் ஆரம்பிக்கிறது. மனிதனைப் பார்த்து, "மற்ற எல்லாவற்றையும் நேற்றுச் செய்ததுபோலவே செய், இடது கையை மாத்திரம் வீசாதே" என்று சொன்னால் அவனால் முடியாது. கையை நினைத்தால் கால் மாறிவிடும். கணக்கு மனிதனிடம் அப்படிச் சொல்லலாம். அவன் அப்படியே செய்வான். எதனால் எது விளைந்தது என்று பிரித்தெடுத்துவிடலாம். மேலும் அவன் தலைகுப்புற விழுந்தால் கழுத்து முறியாது. ஒரு பெற்றோரும் அழவேண்டியதில்லை. புது வித்தையை முதலில் யந்திரத்திற்குள் விழவிட்டுப் பார்த்து, பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

பிறவிக் குணம் என்பவர்களுக்கும், பலம் ஒன்றே போதும் என்பவர்களுக்கும் ஒரு சங்கதி வைத்திருக்கிறேன். ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாமில் பாபர்ட், வான் சூஸ்ட் என்ற இருவர் 1994ல் வெளியிட்டது. நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் மனிதனை 4 துண்டுகளாகவும், காலுக்கு 6 தசைக் கூட்டங்களாகவும் அமைத்தார்கள். பாதம், கணைக்கால், தொடை, அதற்கு மேலுள்ளதெல்லாம் ஒன்று. அந்தத் தசைகள் நினைத்தபடி இழுக்கும் தசைகளல்ல. வேகமாகச் சுருங்கும் தசை குறைவாகவே இழுக்கும் என்று 1938ல் இங்கிலாந்தில் ஹில் என்பவர் தவளைத் தசையில் கண்டாரே, அதுபோன்ற கட்டுப்பாடுகளுடன் அமைத்தவை. காலிக் குடத்தை வெடுக்கென்று தூக்குகிறோம், நிறைகுடத்தை மெதுவாகத்தானே தூக்குகிறோம்? எந்தத் தசையை எந்தக் கணத்தில் தூண்டினால் மிகவும் உயரம் எம்பும் என்று யந்திரத்தைக்கொண்டே தேடிக் கண்டார்கள். மனிதன் குதிப்பதுபோலவே குதித்தது.

பிறகு தசைகளின் பலத்தை அதிகப்படுத்தினார்கள். தூண்டுகிற ஒழுங்கை மாற்றாமல் பழையபடியே வைத்தார்கள். பலம் கூடினால் உயரம் கூடும் என்றுதானே நீங்களும் நானும் சொல்லுவோம்? உயரம் குறைந்துவிட்டது! பழைய தாளத்திற்குப் புதிய பலம் ஒத்துவரவில்லை. ஒரு மூட்டு முந்திக்கொண்டு நிமிர்ந்தால், மற்ற மூட்டுகள் தம் வேலையை முடிப்பதற்குள் கால் தரையை விட்டுவிடுகிறது. தூண்டும் ஒழுங்கைப் புதிய பலத்திற்குத் தக்கபடி மறுபடி தேடியமைத்த பிறகே உயரம் கூடிற்று. ஆகவே பலத்தைக் கொடுப்பவன் பழக்கத்தையும் கூடவே கொடுக்கவேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். குண்டு தூக்கித் தொடையை மாத்திரம் பெருக்கிக்கொண்டு குதிக்கப் பழகாதவன், தசையில் லாபமும் உயரத்தில் நஷ்டமும் அடையலாம்.

உடம்புக்கு உடம்பு வித்தியாசமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவனுக்குக் கால் நீளம், ஒருவனுக்குக் குட்டை. அதை நாடா பிடித்து அளந்துகொள்ளலாம். அளந்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். "இந்தக் கூட்டத்தில் பிறந்தவனுக்கு இதுதான் வரும், அந்தக் கூட்டத்தில் பிறந்தவனுக்கு அது வராது" என்று நாடாவைக் கையில் எடுக்காமலே சொல்லுகிறானே, அவனைத்தான் நான் கேட்கிறேன்: நீ எந்தத் தொடையை அளந்தாய்? எந்தப் பிலிமோடு ஒத்துப் பார்த்தாய்?

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக, இனிமேல் கம்ப்யூட்டரைச் சாமியாக்கி அதற்குச் சூடம் கொளுத்தவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைக்கிற கூட்டமும் ஏற்பட்டுக்கொண்டு வருகிறது. "யந்திரம் சொல்லிவிட்டது" என்றால் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். அன்று "சாஸ்திரம் சொல்லிவிட்டது" என்று மூடிக்கொண்ட அதே வாய்! கணக்கு மனிதனின் துண்டுகள் மரக்கட்டைபோல் இறுகியவை. நமக்கோ எலும்பின்மேல் தசையும் கொழுப்பும் தளதளவென்று ஆடுகின்றன. அந்தரத்தில் இருக்கும்வரை அது பெரிய குற்றமில்லை. தரையில் வந்து தொப்பென்று விழும்போது, எலும்பு நின்றுவிடுகிறது, சதை கொஞ்சம் பின்னால் வந்து சேருகிறது. இதைக் கவனிக்காத கணக்கு, மூட்டில் ஏறும் பாரத்தை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டிவிடும். ஆகையால் ஆடும் சதைக்கென்று தனித் துண்டுகளைச் சேர்த்தார்கள். யந்திரத்திற்கு எது கொடுத்தோமோ அதிலிருந்துதான் அது பதில் சொல்லும். கொடுத்தது யார், எதை விட்டார், எதோடு ஒத்துப் பார்த்தார் என்று கேட்கிற உரிமையை நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கணக்கு ஒன்றும் தெரியாத பூனையும் கழைக்கூத்தாடியும் செய்கிறார்களே, பின் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கை கண்டுபிடித்த பிறகுதான் கணக்கு வந்தது என்று ஒப்புக்கொள்ளுவதில் எனக்கு வெட்கமில்லை. 2000ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸில் உயரக் கம்பியில் சுற்றி இறங்கினவர்களை ஹைலி, யீடன் என்பவர்கள் 4 துண்டுக் கணக்கில் வைத்துப் பார்த்து 2003ல் எழுதினார்கள். சுற்றும்போது உடம்பை வளைத்து நிமிர்த்தும் வேளையில் பழைய முறை என்றும் புதிய முறை என்றும் இரண்டு உண்டு. கம்பியை எந்த நேரத்திற்குள் விட்டால் சரியாக இறங்கலாம் என்று கணக்கிட்டதில், பழைய முறைக்கு ஒரு வினாடியை 1000 ஆகப் பங்கிட்டதில் 73 முதல் 84 பங்கு வரை இடம் இருந்தது. புதிய முறைக்கு 88 முதல் 157 பங்கு வரை. சிறந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே புதிய முறைக்கு மாறியிருந்தார்கள். ஒருவரும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து, விழுந்து விழுந்து கண்டது. கணக்கு வந்து, அது ஏன் நல்லது என்று சொல்லிற்று. இப்போது புதிதாக ஆரம்பிக்கும் பையன் அத்தனை தடவை விழவேண்டியதில்லை. நம் தெருவில் மூங்கிலின்மேல் ஏறுகிற கழைக்கூத்தாடியின் வித்தையும் இந்த வகைதான். அவன் அறிவைப் பார்த்துவிட்டு நாலு காசு எறிந்து, தொடாமல் ஒதுங்கிப்போகிற சமூகம், அறிவு என்றால் ஏட்டில் எழுதி மடிமேல் வைத்திருப்பது என்று நம்புகிற சமூகம்.

இன்னொரு சீட்டு: "தசையைத் தூண்டுவது மூளை, மூளையைத் தூண்டுவது யார்? அங்கே கடவுள் இருக்கிறாரல்லவா?" பூனைக்குள் இருந்தார், படம் பிடித்தவுடன் காலிசெய்தார். கரணத்திற்குள் இருந்தார், கையை அளந்தவுடன் காலிசெய்தார். இப்போது மூளைக்குள் வாடகைக்கு இடம் கேட்கிறார். கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அங்கேயும் அளவுநாடா வந்துகொண்டிருக்கிறது என்று மாத்திரம் சொல்லிவைக்கிறேன்.

கடைசிச் சீட்டு ஒரு மாணவர் எழுதியது. பூனை திரும்புவதை வீட்டில் சோதிக்க வழி உண்டா என்கிறார். உண்டு. ஆபீஸில் போடுகிற, நன்றாகச் சுழலுகிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். கைக்கு ஒரு செங்கல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் முன்னால் நன்றாக நீட்டி, சேர்த்து இடது பக்கமாக வீசுங்கள். நாற்காலி வலது பக்கம் திரும்பும். இப்போது செங்கல்லை மார்போடு மடக்கி அணைத்துக்கொண்டே கைகளைப் பழைய நேருக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலி திரும்பிவரும், ஆனால் போன அளவு வராது. மறுபடி நீட்டுங்கள், வீசுங்கள், மடக்குங்கள். சுவரையும் தரையையும் தொடாமல், ஒருவரும் தள்ளாமல், அரைச் சுற்றுத் திரும்பிவிடுவீர்கள். செங்கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சின்னக் குழந்தைகளை நிற்கவிடாதீர்கள்.